மூன்று பிள்ளைகளுக்கு மூன்று டைம்டேபிள் வேண்டாம்

வணக்கம். மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க நீங்கள் போட்டு அனுப்பிய கால அட்டவணையை நிதானமாகப் படித்தேன். காலை 8 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் முக்கால் மணி நேரப் பாடம். 9 வயது மூத்தவளுக்கு அறிவியல் நடக்கும் அதே நேரத்தில் 6 வயதுக்காரனுக்குக் கணக்கு, 4 வயதுக் கடைக்குட்டிக்கு எழுத்துப் பயிற்சி. மூன்றுக்கும் டீச்சர் நீங்கள் ஒருவர்தான். அந்தத் தாளில் நீங்கள் தண்ணீர் குடிக்கக்கூட இடமில்லை. கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மொத்தமும் சரியும், பழியை நீங்களே தலையில் போட்டுக்கொள்வீர்கள்.

அந்தத் தாளை ஓரமாக வையுங்கள். மூத்தவள் நாளைக்கு எந்த வேலைக்குப் போவாள், சான்றிதழுக்கு என்ன செய்வது என்று உங்கள் கணவர் கேட்பதற்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: இந்த வருடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தவறவிடக்கூடாதது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மூத்தவளுக்குப் பின்னமும் வகுத்தலும். நடுவிலவனுக்கு வாசிப்பு. கடைக்குட்டிக்குப் பேச்சும் கதையும் விளையாட்டும். இந்த மூன்றும் நடந்த நாள் நல்ல நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவளுக்கு ஏன் பின்னம்? உளவியலாளர் ராபர்ட் சீக்லரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிள்ளைகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து எடுத்த தரவுகளைப் பார்த்தார்கள். 10 வயதுவாக்கில் பின்னத்திலும் வகுத்தலிலும் ஒரு பிள்ளைக்கு இருந்த தெளிவு, உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளையின் கணக்கு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டியது. குடும்ப வருமானம், பொதுவான அறிவுத்திறன் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். மருத்துவமோ பொறியியலோ கணக்குப்பதிவியலோ, பிறகு எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் கதவின் பூட்டு இங்கேதான் இருக்கிறது. வரலாறு ஒரு வருடம் விட்டுப்போனால் பிறகு படித்துக்கொள்ளலாம். கணக்கில் நடுவே ஒரு படி விட்டால் மேல் படியில் கால் நிற்காது. ஆகவே தினமும் அரை மணி நேரம், அவளோடு மட்டும் உட்காருங்கள். ஒரு காகிதத்தை மூன்றாக மடித்துக் காட்டி, மூன்றில் ஒன்றும் ஆறில் இரண்டும் ஏன் ஒன்று என்று அவள் வாயாலேயே சொல்ல வையுங்கள். பக்கம் பக்கமாகக் கணக்குப் போட வைப்பதைவிட இது பலன் தரும்.

நடுவிலவனுக்கு இருபது நிமிடம் போதும். எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். 'கொ'வில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்கும் இடத்தில் தடுமாறுவான், அது இந்த வயதுக்கு இயல்பு. உங்கள் வீட்டில் அந்த நேரம் என்ன நடக்கும் என்று என்னால் சொல்ல முடியும். அவன் 'கொ...' என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே மூத்தவள் பக்கத்து அறையிலிருந்து "கொடி!" என்று கத்துவாள். அவன் புத்தகத்தை மூடிவிடுவான். பல பிள்ளைகள் உள்ள வீட்டில் நடுப்பிள்ளையின் வாசிப்பு பெரும்பாலும் இப்படித்தான் கெடுகிறது, திறமைக் குறைவால் அல்ல. அந்த இருபது நிமிடம் மூத்தவளுக்குக் காது எட்டாத இடத்தில், தானே செய்யும் வேலை ஒன்று இருக்க வேண்டும். இதில் கொஞ்சம் கறாராகவே இருங்கள்.

கடைக்குட்டிக்கு எழுத்துப் பயிற்சி வேண்டவே வேண்டாம். பின்லாந்தில் பள்ளிப் படிப்பே 7 வயதாகும் ஆண்டில்தான் தொடங்குகிறது. 4 வயதில் பென்சில் பிடிக்கத் தெரியாததால் எந்த வேலையும் கைநழுவிப் போவதில்லை.

கூட்டிப் பார்த்தால், ஒவ்வொருவரோடும் தனியாக உட்காரும் நேரம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மூத்தவளின் எழுத்து வேலையைத் திருத்துவதும் நடுவிலவனின் கூட்டல் கழித்தலும் இதில் அடக்கம். பள்ளியில் ஏழு மணி நேரம் ஆகிறதே என்று யோசிக்காதீர்கள். அங்கே வருகைப்பதிவு, வரிசை, மற்ற பிள்ளைகள் முடிக்கும்வரை காத்திருப்பது எல்லாம் அந்த நேரத்தில் சேர்ந்திருக்கிறது.

மற்ற பாடங்கள் எல்லாம் மூவருக்கும் பொது. 4 வயதும் 9 வயதும் ஒரே பாடமா என்று கேட்பீர்கள். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தொடங்கிய முதல் பள்ளியிலிருந்தே வயது கலந்த வகுப்புதான். இன்றும் அந்த முறையில் 3 முதல் 6 வயது வரை ஒரே அறையில் இருப்பார்கள். உங்கள் வீட்டில் இடைவெளி இன்னும் பெரியது, சரி. ஆனால் பாடம் ஒன்றாக இருந்தால் போதும், வேலை வேறாக இருக்கலாம். வெயிலில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். சின்னவள் நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்கட்டும். நடுவிலவன் குச்சியிலிருந்து கல் வரை எத்தனை சாண் என்று அளந்து எண்ணை எழுதட்டும். மூத்தவள் மணிக்கு ஒருமுறையும், நண்பகலை ஒட்டிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறையும் சென்டிமீட்டரில் குறித்து வரைபடம் போடட்டும். நிழல் மிகச் சிறியதாக இருக்கும் நேரம் கடிகாரத்தில் பெரும்பாலும் சரியாக 12 மணியாக இருக்காது என்பதை அவளே கண்டுபிடிப்பாள், ஏன் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வியில் ஒரு வாரப் புவியியல் இருக்கிறது.

கதையும் அப்படித்தான். பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை எளிமையாக விளக்கினார்கள்: எழுத்தைப் படித்து ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்தால்தான் வாசித்துப் புரிந்துகொள்ள முடியும், இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது மட்டும் போதாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்களே வாசித்தால் புரியாத கதைகூடக் காதால் கேட்டால் புரியும். ஆகவே தினமும் மூத்தவளின் தரத்துக்கு ஒரு புத்தகத்தை நீங்கள் சத்தமாக வாசியுங்கள், மற்ற இருவரும் கேட்கட்டும். கடைக்குட்டி பாதியில் எழுந்து ஓடினால் ஓடட்டும், காது இங்கேதான் இருக்கும்.

மூத்தவளைச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அளவோடு வைக்கலாம். மூத்த பிள்ளைகளுக்கு அறிவுவளர்ச்சியில் சிறு கூடுதல் ஏன் இருக்கிறது என்பதற்கு, தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுப்பதும் ஒரு காரணம் என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1970களில் விளக்கம் சொன்னார். சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் பாடம் உறைக்கும் என்பது நமக்கும் தெரிந்ததே. ஆனால் நீங்கள் களைத்துப்போன நேரமெல்லாம் அவள்தான் டீச்சர் என்றாகிவிட்டால், அவளுடைய பின்னம் போய்விடும், தம்பியோடு சண்டையும் வளரும். அவள் விருப்பத்தோடு ஒரு கதை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்துங்கள்.

இனி கணவரின் கேள்வி. 9 வயதில் எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாள் என்று பிறகு எந்தக் கல்லூரியும் வேலை தருபவரும் கேட்கப் போவதில்லை. 15, 16 வயதில் எழுதும் பொதுத்தேர்விலிருந்துதான் கேள்வி ஆரம்பிக்கும். அதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் மிக அரிதான விதிவிலக்கு தவிர வீட்டுக்கல்விக்கு அனுமதியில்லை, அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் உண்டு, ஆனால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நீங்கள் வசிக்கும் இடத்தில் பதிவு செய்ய வேண்டுமா, வருடாந்தர மதிப்பீடு உண்டா என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.

மூத்தவளுக்கு 12 வயதாகும்போது, தனித்தேர்வராக, அதாவது பள்ளி வழியாக இல்லாமல் தானே பதிவு செய்து, எந்தத் தேர்வை எழுதலாம் என்று முடிவெடுத்தால் போதும். பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ போன்ற பன்னாட்டுத் தேர்வுகளைத் தனித்தேர்வர்களும் எழுதலாம், அவர்களை ஏற்கும் தேர்வு மையத்தை நீங்கள்தான் தேட வேண்டும். சிக்கல் வருவது ஆய்வகத்தில். அறிவியல் செய்முறைத் தேர்வுக்குத் தனித்தேர்வர்களை ஏற்கும் மையங்கள் குறைவு. ஐஜிசிஎஸ்இ இயற்பியல், வேதியியல், உயிரியலில் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாள் ஒன்றும் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் பக்கம் போக நினைத்தால், சேர விரும்பும் கல்லூரி அந்தத் தாளை ஏற்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். தேர்வு எழுதிய பிறகு விசாரித்தால் ஒரு வருடம் வீணாகும்.

இப்போதைக்கு ஆளுக்கொரு அட்டைப்பெட்டி போதும். ஒவ்வொரு பருவத்துக்கும் கணக்கில் ஒரு தாள், சொந்தமாக எழுதியது ஒன்று, படம் ஒன்று, எல்லாவற்றிலும் தேதி. வாசித்த புத்தகங்களின் பட்டியல் ஒரு நோட்டில். தினசரி அறிக்கை எழுத ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் விட்டுவிடுவீர்கள், வேண்டாம்.

நடுவில் பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. பொதுவாக மொழியிலும் கணக்கிலும் ஒரு சிறு தேர்வு வைத்து எந்த வகுப்பு என்று முடிவு செய்வார்கள், அந்தப் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்குட்டிக்குப் பிரச்சினை இருக்காது. மூத்தவள் பாடத்தில் சமாளித்துவிடுவாள். நடுவிலவனுக்குத்தான் பழக வேண்டியது ஒன்று உண்டு: மணி அடிப்பதற்குள் எழுதி முடிப்பது. சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, தினம் பத்து நிமிடம் கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதப் பழக்குங்கள்.