ஓ.டி. ஒற்றையா, இரட்டையா? டைம் ஆபீஸ்காரரிடம் கேள்வி பதில்

கோவைப் பக்கம் ஒரு மில்லின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். இப்போது தொழிற்சங்கத்துக்காரர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். வக்கீல் இல்லை. வேலை நேரம், ஓ.டி. என்கிற ஓவர்டைம், லீவு, இந்த மூன்றுக்குள் கேளுங்கள். இன்கிரிமென்ட் எப்படிக் கேட்பது, மேனேஜரை எப்படிச் சமாளிப்பது என்பதெல்லாம் எனக்கு வராத வித்தை.

திருப்பூர், ஓவர்லாக் டெய்லர்: சாப்பாடு, டீ நேரம் போக தினமும் 12 மணி நேரம் தைக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் என்று எழுதுகிறார்கள். ஒரு ஷிப்டுக்கு 600, ஒன்றரைக்கு 900. இதற்கு மேல் ஓ.டி. என்று தனியாக ஏதாவது உண்டா அண்ணா?

உண்டு தங்கச்சி. அதை உங்களுக்குத் தெரியாமலே வைத்திருப்பதுதான் இந்த ‘ஒன்றரை’யின் வேலை. 600-ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 75. எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரட்டிப்பு, அதாவது 150. நாலு மணிக்கு 600. ஆக உங்களுக்கு வரவேண்டியது 1,200, வருவது 900. நாளைக்கு 300 ரூபாய், வாரத்துக்கு 1,800 கைக்கு வராமல் போகிறது. அரை ஷிப்ட் என்று பெயர் வைத்ததால் அது ஓ.டி. இல்லாமல் போய்விடாது.

1948-ம் வருட ஃபாக்டரி சட்டத்தின் 59-வது பிரிவு, நாளைக்கு 9 அல்லது வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டிப்பு என்றது; வாரம் 72 மணி நேரம் செய்கிற உங்களுக்கு அதிலும் இதே கணக்குதான். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. அவற்றிலும் இரட்டிப்பு மாறவில்லை. “புதுச் சட்டம் வந்துவிட்டது, ஓ.டி. எல்லாம் போச்சு” என்று சூப்பர்வைசர் சொன்னால் நம்பாதீர்கள்.

நேரத்தையும் பாருங்கள். தினமும் நாலு மணி என்றால் மாதம் 26 நாளுக்கு 104 மணி நேரம். பழைய சட்டம் அவசர ஆர்டருக்கென்று கொடுத்த உச்ச வரம்பே மூன்று மாதத்துக்கு 75 மணிதான். மூன்று மாதத்து அவசரத்தை உங்கள் கம்பெனி மூன்று வாரச் சொச்சத்தில் தீர்த்துவிடுகிறது. வாரத்துக்கு ஓ.டி.யும் சேர்த்து 60 மணிக்கு மேல் கூடாது என்றது அது. நீங்கள் 72.

இந்த இரட்டிப்பை ஏதோ தொழிலாளிக்குக் கொடுக்கும் பரிசு மாதிரி பேசுகிறார்கள். அது முதலாளிக்குப் போடுகிற அபராதம். ஒன்பதாவது மணி நேரம் எட்டாவது மணியைவிட விலை கூடினால்தான் அவர் இன்னொரு ஆளை வேலைக்கு வைப்பதைப் பற்றி யோசிப்பார். ஒற்றைக்கே கிடைத்தால் எதற்கு யோசிக்க வேண்டும்? வேலை நேரம் குறையாததற்கு எனக்குத் தெரிந்த முதல் காரணம் இதுதான்.

ஒரு வேலை செய்யுங்கள். பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ஓட்டிய மெஷின், லைன் சூப்பர்வைசர் பெயர் எழுதி வையுங்கள். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியான பையரின் ஆடிட்டுக்குக் காட்டுகிற ரெஜிஸ்டர் ஒன்று, நிஜ ரெஜிஸ்டர் ஒன்று வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. முதலாவதில் நீங்கள் தினமும் சாயங்காலம் 5.30-க்கே வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

அதே ஊர், சிங்கர் டெய்லர்: எனக்கு பீஸ் ரேட். பீஸ் ரேட்காரர்களுக்கு ஓ.டி. கிடையாது என்கிறார்களே?

தப்பு. பழைய சட்டத்தின் 59(3) இதற்காகவே எழுதப்பட்டது. போன மாதம் ஓ.டி. இல்லாமல் முழு நேரம் அதே வேலை செய்த நாட்களின் சராசரியை எடுக்க வேண்டும். 24 நாளில் 16,800 சம்பாதித்திருந்தால் நாளைக்கு 700, மணிக்கு 87 ரூபாய் 50 காசு, ஓ.டி.க்கு 175. பீஸ் எண்ணிக்கைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நோட்டில் ஒட்டி வையுங்கள்.

ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர்: சார், நீங்கள் பேப்பரில் கணக்குப் போடுகிறீர்கள். பையர் கொடுக்கிற ரேட்டில் இரட்டிப்பு கட்டுப்படியாகாது. ஒன்றரை ஷிப்ட் இல்லை என்றால் ஆளே பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுகிறான். அவர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

கேட்கிறார்கள், வாஸ்தவம்தான். ஒரு ஷிப்ட் சம்பளத்தில் லைன் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஃபீஸும் தேறாததால் கேட்கிறார்கள். எட்டு மணிச் சம்பளத்தில் குடும்பம் ஓடினால் எத்தனை பேர் ஒன்பதரை மணி வரை உட்காருவார்கள் என்று உங்கள் லைனிலேயே கேட்டுப் பாருங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்காமல்.

கட்டுப்படியாகாது என்பதற்கு வருகிறேன். காஸ்டிங் போடும்போதே ஓ.டி.யை ஒற்றையாகப் போட்டு விலை சொல்லி ஆர்டர் பிடிக்கிறீர்கள். அந்த விலையில் கட்டுப்படியாகாதுதான். கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் எதுதான் கட்டும்? இன்னொன்று, ராத்திரி ஏழு மணிக்கு மேல் தைத்த பீஸில் எவ்வளவு ஆல்ட்ரேஷன் வருகிறது என்று செக்கிங் டேபிளில் விசாரியுங்கள். பிரித்துத் தைக்கிற கூலியும் உங்கள் காசுதான்.

அதே யூனிட்காரர்: ஷிப்மென்ட் தேதி தவறினால் ஏர் ஃபிரைட், அதாவது விமானத்தில் அனுப்புகிற செலவு, என் தலையில் விழும். சட்டம் எழுதியவருக்கு அந்த அவசரம் தெரியுமா?

தெரியும். அதற்குத்தான் பழைய ஃபாக்டரி சட்டத்தில் 64, 65 என்று இரண்டு பிரிவு வைத்து, வேலை நெருக்கடி இருந்தால் விலக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். விலக்கு நேரத்துக்குத்தான், இரட்டிப்புக்கு இல்லை. கொரோனா சமயத்தில் குஜராத் அரசு இதையும் மீறிப் பார்த்தது. 12 மணி நேர வேலை, ஓ.டி.க்கு ஒற்றைச் சம்பளம் என்று உத்தரவு போட்டது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்தக் காலத்துக்கான ஓ.டி.யைக் கொடுக்கச் சொன்னது. கொள்ளைநோய்க்கே கிடைக்காத சலுகை டி-ஷர்ட் ஷிப்மென்டுக்குக் கிடைக்காது சார்.

இடையில் ஒரு செக்கிங் பெண்: அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது அண்ணா. ஒன்றரையை நிறுத்தினால் எனக்கு மாதம் ஏழாயிரம் குறையும். உங்கள் சட்டம் அதைக் கொடுக்குமா?

கொடுக்காது. இரட்டிப்பு அமலாகி ஓ.டி. பாதியாகக் குறைந்தால், அதே பணம் பாதி நேரத்தில் வரும். அப்படியே நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சில கம்பெனிகள் ஓ.டி.யை அடியோடு நிறுத்திவிட்டு ஆளை மாற்றும். அதனால்தான் இதைத் தனி ஆளாகப் போய்க் கேட்காதீர்கள், லைனில் உள்ள எல்லோரும் சேர்ந்து கேளுங்கள் என்கிறேன். சமூக வலைத்தளத்தில் புரட்சி பேசுகிறவர்கள் உங்கள் ஏழாயிரத்தை நினைத்துப் பேசுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

யூனிட்காரர் இன்னும் இரண்டு கேள்வி அனுப்பியிருக்கிறார். இரண்டும் பையரைத் திட்டுவதுதான். நானும் சேர்ந்து திட்டுகிறேன், ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சென்னை, ஐ.டி.: டீம் லீட். தினமும் 11 மணி நேரம். ‘நீ மேனேஜ்மென்ட், ஓ.டி. கிடையாது’ என்கிறார்கள். வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னதைப் பற்றி உங்கள் கருத்து?

கருத்து பிறகு. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947 நாளைக்கு 8, வாரத்துக்கு 48 என்கிறது. ஓ.டி.யோடு சேர்த்தும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. ஓ.டி. இரட்டிப்பு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அந்த வரியைத்தான் உங்களிடம் காட்டுகிறார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. லீவு சாங்ஷன் செய்யும் அதிகாரம் உண்டா? ஆளை எடுக்க, நீக்க முடியுமா? நாள் முழுக்க புரோகிராம் எழுதிவிட்டு சாயங்காலம் நாலு பேரின் ஸ்டேட்டஸை மெயிலில் அனுப்புவதை நிர்வாகம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

70 மணி பற்றி: 2023-ல் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி 70 என்றார், 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் 90 வரை போனார். எட்டு மணி நேரத்துக்காகப் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு போலீஸின் துப்பாக்கிச் சூட்டில் 12 பேரைப் பறிகொடுத்தார்கள். இதற்கு மேல் என் கருத்து எதற்கு?

லாக்-இன், லாக்-அவுட் நேரத்தை நீங்களும் எழுதி வையுங்கள். கம்பெனி லேப்டாப்பில் அல்ல.

திண்டுக்கல்: ஓ.டி. ஒற்றையா, இரட்டையா சார்?

இரட்டை.

சென்னை, ஜவுளிக்கடை விற்பனைப் பிரிவு: காலை 10 முதல் ராத்திரி 10 வரை நிற்கிறோம். உட்கார்ந்தால் ஃபுளோர் மேனேஜர் கத்துகிறார். தீபாவளி மாதம் வார லீவும் இல்லை.

உட்காரும் உரிமை இப்போது சட்டத்திலேயே இருக்கிறதம்மா. 2021-ல் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று சேர்த்தார்கள். வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும். கஸ்டமர் இல்லாத மதியம் மூன்று மணிக்குப் புடவை மடித்தபடி நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வார லீவு பண்டிகைக்காக ரத்தாகாது. 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்ற அரசு அனுமதி கடைக்குத்தான், அதே ஆளை நிற்க வைப்பதற்கு இல்லை. தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் பெயர் போடாமலும் சொல்லலாம், ஆனால் கடையின் பெயர், தளம், நேரம் சரியாக இருக்க வேண்டும். அதற்கும் அந்த நோட்டுதான்.

திருச்சி: 12 மணி நேர வேலைச் சட்டம் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறதா? என் மச்சான் இருக்கிறது என்கிறார்.

இல்லை என்று மச்சானிடம் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 21-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. 24-ம் தேதி நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி நூறாவது வருடம் அது. புதிய மத்தியச் சட்டமும் நாளைக்கு எட்டு மணி என்றுதான் ஆரம்பிக்கிறது, ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்கிறது.

ஓசூர்: சம்மதம் இல்லை என்று சொன்னால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார்களே?

நிறுத்துவார்கள். சம்மதம் என்பது காகிதத்தில் எழுத சுலபமான வார்த்தை. ஒரு எச்சரிக்கை: வேலைக்குச் சேரும்போது நீட்டுகிற கத்தைக் காகிதத்தில் ‘தேவைப்படும்போதெல்லாம் ஓ.டி. செய்யச் சம்மதம்’ என்று ஒரு வரி இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்று வவுச்சரில் போடவே போடாதீர்கள்.

சிங்கப்பூர், கப்பல் பட்டறை: இங்கே எனக்கு ஒன்றரை மடங்குதான் தருகிறார்கள். ஏமாற்றா?

இல்லை தம்பி, அங்கே சட்டமே ஒன்றரை மடங்கு. மாதத்துக்கு 72 மணி நேரம் வரம்பு. மேற்கொண்டு அங்குள்ள மனிதவள அமைச்சில் கேளுங்கள்.

சென்னை, அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டியின் மகன்: அப்பாவுக்கு 12 மணி டியூட்டி, மாதம் 13,000 கட்டுச் சம்பளம். ஓ.டி. கேட்கலாமா?

கேட்க வேண்டும். அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி எட்டு மணிக்குத்தான். மீதி நாலு மணிக்கு இரட்டிப்பு. ‘கட்டுச் சம்பளம்’ என்று ஏஜென்சிக்காரர் கணக்கை மூடி வைத்திருக்கிறார். மாலை நடையில் வேலை-வாழ்க்கை சமநிலை பற்றிப் பேசும் குடியிருப்போர் யாராவது, கேட்டைத் திறந்துவிடுகிறவருக்கு என்ன சமநிலை என்று சங்கக் கூட்டத்தில் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஈரோடு: ஓ.டி. பணத்துக்கு பி.எஃப். பிடிப்பார்களா?

பொதுவாகப் பிடிக்க மாட்டார்கள்.

மதுரை: ஓ.டி. ஒற்றைதானே? எங்கள் ஹெச்.ஆர். சொன்னார்.

மேலே படியுங்கள். ஹெச்.ஆரையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர்: என் சம்பளம் 24,000. அதில் அடிப்படை 12,000, வீட்டு வாடகைப் படி 7,000, போக்குவரத்துப் படி 5,000. புதுச் சட்டத்துக்குப் பிறகு ஓ.டி. குறைந்துவிட்டது. இரட்டிப்பு மாறவில்லை என்றீர்களே?

இன்று வந்ததில் நல்ல கேள்வி இது. பழைய சட்டத்தில் அடிப்படையோடு படிகளும் சேரும், போனஸும் ஓ.டி.யும் மட்டும் சேராது. 24,000-ஐ 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 115, இரட்டிப்பு 230. புதிய வரையறையில் வீட்டு வாடகையும் போக்குவரத்தும் ‘சம்பளம்’ இல்லை, மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால்தான் அந்த அதிகப்படி திரும்பச் சேரும். உங்களுக்குச் சரியாகப் பாதி. ஆக மணிக்கு 57 ரூபாய் 70 காசு, இரட்டித்தால் 115. பழைய ஒற்றை! எதை இரட்டிப்பது என்பதில் கை வைத்துவிட்டார்கள். ஆனால் ‘சம்பளப் பட்டுவாடாவைப் பொறுத்தவரை இந்தப் படிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்’ என்று அதே வரையறையில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிடித்து உங்கள் சங்கம் வழக்காடலாம். 2025 நவம்பர் 21-க்கு முன்னால் செய்த ஓ.டி.க்குப் பழைய கணக்குதான், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கரூர்: பழைய ஓ.டி. பாக்கியைக் கேட்க எவ்வளவு நாள் அவகாசம்? கம்பெனி ரெஜிஸ்டரே இல்லை என்றால்?

முன்பு ஒரு வருடம், இப்போது ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் மூன்று வருடம். பணம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. வேலை செய்தீர்கள் என்பதற்கு நோட்டு இருக்கிறதா?

கரூர், மறுபடி: நோட்டு இல்லை சார்.

அப்படியானால் பஸ் பாஸ், மெஸ் கணக்கு, சூப்பர்வைசர் ராத்திரி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், கூட வேலை பார்த்த இருவரின் சாட்சி, எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை கூட்டமாக இருக்கும், செவ்வாய்க்கிழமை போங்கள்.