பழைய ஜெட் படகு: பணம் கைமாறும் முன்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். 1978-இல் செய்த பதினெட்டடி ஃபைபர் ஜெட் படகு ஒன்றை டிரெய்லரோடு 7,500 டாலருக்குத் தருவதாக ஒருவர் விளம்பரம் போட்டிருக்கிறார். ஓல்ட்ஸ்மொபைல் 455 எஞ்சின், தண்ணீரைப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் பெர்க்லி பம்ப். "எஞ்சின் புதிதாகப் பிரித்துக் கட்டியது, தண்ணீரில் இறக்க வேண்டியதுதான்" என்று விளம்பரத்தில் இருக்கிறது. ஆனால் பிங்க் ஸ்லிப் (உரிமைச் சான்று) அவர் பெயரில் இல்லை, அவருக்கு விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. பதிவைப் பல வருடங்களாகப் புதுப்பிக்கவில்லை. ரசீதில் "உள்ளது உள்ளபடி" என்றுதான் எழுதுவாராம். வரி குறைய 1,000 டாலர் என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறார். ஏரிக்கு வர நேரமில்லை, வாசலிலேயே ஹோஸ் மாட்டி ஓடவிட்டுக் காட்டுகிறேன் என்கிறார். வாங்கலாமா? பின்னால் பழுது தெரிந்தால் வழக்குப் போட முடியுமா?

பதில்: வழக்கு யார் வேண்டுமானாலும் போடலாம். ஜெயிக்க உங்கள் கையில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. இப்போது இருக்கும் நிலையில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சிலதைச் செய்தால் ஓரளவு இருக்கும்.

முதலில் பிங்க் ஸ்லிப். நீங்கள் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், எனக்கு இதுதான் பெரிய கவலை. விற்பவர் தன் பெயருக்கு மாற்றாமலே கைமாற்றப் பார்க்கிறார். டிஎம்வியில் (வண்டிகளைப் பதிவு செய்யும் மாநில அலுவலகம்) உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால், ஸ்லிப்பில் பெயர் உள்ளவரிடமிருந்து இவருக்கு ஒரு விற்பனைச் சீட்டு, இவரிடமிருந்து உங்களுக்கு ஒன்று என்று சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். முதல் ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். ஸ்லிப்பில் "சட்டப்படியான உரிமையாளர்" என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் அடைந்ததற்கான கடிதம் இல்லாமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். டிரெய்லர் தனி வண்டி. அதற்குத் தனி நம்பர், தனிக் காகிதம்.

படகின் பின்பலகையில் வலப்பக்க மேல்மூலையில் ஹல் எண் (படகின் அடையாள எண்) இருக்கும். 1972 நவம்பருக்குப் பின் செய்த படகுகளுக்கு இது கட்டாயம், மொத்தம் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும். கடைசி நான்கில் படகின் வயது இருக்கிறது. ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடம் சுரண்டியோ புதிதாகப் பெயின்ட் பூசியோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பதிவு விஷயம். இங்கே படகுப் பதிவு ஒற்றைப்படை வருடங்களின் டிசம்பர் 31-இல் முடியும். விட்டுப்போன கட்டணமும் அபராதமும் மாற்றும்போது உங்கள் தலையில் விழலாம். அதைவிட, படகுக்குக் கவுண்டி சொத்து வரி உண்டு என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. அது பாக்கி என்று வரி வசூல் அலுவலகம் தெரிவித்திருந்தால் டிஎம்வி பெயர் மாற்றாது. கவுண்டிக்கு ஒரு போன் போட்டு ஹல் எண்ணையும் பதிவு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள்.

சரி, "உள்ளது உள்ளபடி"க்கு வருவோம். பொருள் சாதாரண உபயோகத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்று சட்டமே தரும் உத்தரவாதம் (வணிகச் சட்டத் தொகுப்பு, பிரிவு 2314) அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவருக்குத்தான். வீட்டு வாசலில் ஒரு படகு விற்பவரை அது கட்டுப்படுத்தாது. ஆகவே அந்த வாக்கியத்தை எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த வழி உங்களுக்கு இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் அது அவரைக் காப்பாற்றாது. ஒன்று, பொருள் தன்னுடையது, அதன் மேல் வேறு யாருக்கும் பாத்தியதை இல்லை என்ற பொறுப்பு (2312). "உள்ளது உள்ளபடி" என்று எழுதியதாலேயே அது போய்விடாது. இரண்டு, அவரே வாயால் சொன்ன குறிப்பான உறுதி (2313). "நல்ல படகு" என்பது வெறும் வியாபாரப் பேச்சு. "எஞ்சின் புதிதாகப் பிரித்துக் கட்டியது" என்பது உறுதி. பொய் என்று தெரிந்தே சொல்லியிருந்தால் அது மோசடி, எந்த வாசகமும் அதற்குக் கேடயமாகாது. அவருக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்.

விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே அவர் அதை நீக்கிவிடலாம். அது மட்டும் போதாது. "இதுவே முழு ஒப்பந்தம்" என்ற வரியோடு ரசீது நீட்டினால், விளம்பரத்தில் சொன்னதை நீதிமன்றம் கணக்கில் எடுக்காமல் போகலாம். எஞ்சின் எப்போது, எங்கே பிரித்துக் கட்டப்பட்டது என்பது ரசீதிலேயே வரட்டும். போனில் பேசுவதை ரகசியமாகப் பதிவு செய்துவிடாதீர்கள். இந்த மாநிலத்தில் அது குற்றம். மெசேஜில் கேட்டு மெசேஜில் பதில் வாங்குங்கள்.

அப்புறம் அந்த 1,000 டாலர். பொய் விலை எழுதுவது வரி ஏய்ப்பு, கையெழுத்து உங்களுடையது. நாளை பணத்தைத் திரும்பக் கேட்டு நின்றால், நீங்கள் கொடுத்தது ஆயிரம் என்று உங்கள் ரசீதே சாட்சி சொல்லும்!

ஏரியில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கினால் சட்டமும் கைகொடுக்காது. வியாபாரியிடம் வாங்கினால்கூட, பரிசோதித்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு, பார்த்தும் கவனிக்காதவரோ, பார்க்கச் சொல்லியும் மறுத்தவரோ சட்டம் தரும் உத்தரவாதத்தைக் கேட்க முடியாது (2316). ஹோஸில் ஓடவிட்டால் எஞ்சின் கிளம்புகிறதா என்பது மட்டும்தான் தெரியும். பம்ப் காய்ந்தபடி சுற்றும், அது பம்புக்கே கெடுதல். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைச் சுற்றியுள்ள வியர் ரிங் என்ற வளையம், மணலும் கல்லும் உரசித் தேய்ந்திருந்தால், தண்ணீரில் எஞ்சின் சத்தமாகச் சுற்றும், படகு அதற்கேற்ற வேகம் எடுக்காது. வாசலில் எப்படித் தெரியும்? இந்தப் படகுகளில் ஏரித் தண்ணீரே எஞ்சினுக்குள் போய்க் குளிர்விக்கிறது. குளிர்காலத்தில் வடிக்காமல் விட்டிருந்தால் அது உறைந்து எஞ்சின் பிளாக் விரிசல் விட்டிருக்கலாம். ஓட்டி முடித்தபின் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பின்பலகையையும் தரையையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். மொத்தென்று சத்தம் வரும் இடத்தில் உள்ளே பலகை ஊறியிருக்கலாம். படகு மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய், அவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கினால் நீதிமன்றத்திலும் உதவும்.

எந்த ஏரி என்பதையும் முன்கூட்டி விசாரியுங்கள். 2024 அக்டோபரில் சாக்ரமென்டோ-சான் வாக்கின் ஆற்று டெல்டாவில், படகுகளோடு பரவும் கோல்டன் மஸல் என்ற சிப்பி கண்டுபிடிக்கப்பட்டபின், ஃபோல்சம் உள்படப் பல நீர்த்தேக்கங்கள் 30 நாள் காத்திருப்பு, முத்திரை என்று கெடுபிடி செய்கின்றன. ஜெட் பம்பில் தண்ணீர் தேங்கும் என்பதால் சோதனையில் நன்றாகவே குடைவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏமாந்தால், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் இருக்கிறது. தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், உங்கள் தொகை அதற்குள்தான். அங்கே என்னைப் போன்ற வக்கீல்கள் உங்களுக்காக வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். குறை தெரிந்தவுடன் எழுத்தில் தெரிவித்துப் பணத்தைக் கேளுங்கள். மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுப் புகார் சொன்னால் எடுபடாது.

வாங்குவது என்று முடிவானால், புகைக்குழாய் பின்பலகைக்கு மேலே, சத்தத்தை அடக்கும் மஃப்ளர் இல்லாமல் நீண்டிருக்கிறதா பாருங்கள். 1993-க்கு முன் செய்த எஞ்சினுக்கு, படகு நின்றபடி செய்யும் சோதனையில் 90 டெசிபல்தான் உச்சம். அந்தக் காலத்து ஜெட் படகுகள் பல அதைச் சாதாரணமாகத் தாண்டும், அபராதம் ஓட்டுபவருக்கு. 2025 ஜனவரி 1 முதல் எந்த வயதினரும் மோட்டார் படகு ஓட்ட கலிஃபோர்னியா போட்டர் கார்டு (படகோட்டுபவருக்கான அட்டை) வேண்டும். உங்கள் மனைவியும் ஓட்டுவார் என்றால் அவருக்குத் தனியாக ஒன்று.