அடிதடிக் காயங்களுக்குக் கட்டுப் போடுவதைத் தாண்டி, அவசர சிகிச்சைப் பிரிவால் வன்முறையைக் குறைக்க முடியுமா? ஆய்வு ஆதாரம் இருக்கிறதா?

முடியும், ஆதாரமும் இருக்கிறது. அடிபட்டு வருபவர்களிடம் எங்கே, எப்போது, எதனால் என்று கேட்டு எழுதி, பெயரை நீக்கிப் போலீசுக்கும் மாநகராட்சிக்கும் கொடுப்பதுதான் வழி. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில் உருவானதால் அதைக் ‘கார்டிஃப் முறை’ என்று அழைக்கிறார்கள். அந்த முறையில் முக்கியமான ஆள் மருத்துவர் இல்லை, சீட்டுப் போடும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்.

இதைத் தொடங்கியவர் ஜொனாதன் ஷெப்பர்ட், முகம்-தாடை அறுவை மருத்துவர். உடைந்த தாடை, கண்ணாடித் தம்ளரால் கிழிந்த கன்னம், இவைதான் அவரிடம் வந்துகொண்டிருந்தன. 1980களில் மருத்துவமனைக் கணக்கையும் போலீஸ் கணக்கையும் ஒப்பிட்டபோது, சிகிச்சைக்கு வந்த தாக்குதல்களில் பெரும்பகுதி போலீஸ் பதிவேட்டில் ஏறவே இல்லை என்பது தெரிந்தது. இது ஒரு ஊருக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டா பகுதியில் இதே ஒப்பீட்டைச் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட வன்முறைக் காயங்களுக்குப் போலீஸ் பதிவு இல்லை. காரணங்கள் நாம் ஊகிக்கக்கூடியவைதான். மறுபடி அடிப்பார்கள் என்ற பயம், அடித்தவன் யாரென்றே தெரியாதது, புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பு, தானும் குடித்திருந்ததோ கை ஓங்கியதோ வெளியே வந்துவிடும் என்ற தயக்கம். புகாருக்குப் போகாதவர்களும் தையல் போட வந்துதான் ஆக வேண்டும். அதனால் எந்த இடத்தில் அடி விழுகிறது என்ற கேள்விக்கு நகரத்திலேயே முழுமையான விடை அவசரப் பிரிவில் கிடக்கிறது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

எழுதவேண்டியது மிகக் கொஞ்சம். காயம்பட்டவர் பதிவுக்கு வந்ததும் ‘யாராவது தாக்கியதால் ஏற்பட்ட காயமா?’ என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் சம்பவம் நடந்த நாளும் நேரமும், துல்லியமான இடம், எதனால் தாக்கினார்கள் (கை, கால், கத்தி, பாட்டில், கட்டை). எத்தனை பேர் தாக்கினார்கள், போலீசில் சொன்னீர்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் பின்னர் வந்த தேசியத் தரநிலை இன்னும் சுருக்கம். சம்பவ நேரம், வந்துசேர்ந்த நேரம், இடம், தாக்கிய விதம், அவ்வளவுதான். கார்டிஃபில் இதைக் கேட்டவர்கள் வரவேற்பு எழுத்தர்கள். பெயரும் முகவரியும் அவர்கள் எப்படியும் கேட்கிறார்கள், அதோடு இரண்டு மூன்று கேள்வி சேர்கிறது. அமெரிக்காவில் இதை எடுத்துச் செய்தபோது பல இடங்களில் நோயாளியை முதலில் வகைப்படுத்தும் செவிலியரிடம் ஒப்படைத்தார்கள். யார் கேட்டாலும் சரி, மருத்துவரிடம் மட்டும் விடக்கூடாது. அவர் கண் காயத்தில் இருக்கும். ‘தாக்குதல், நெற்றியில் 4 செ.மீ. கிழிசல்’ என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். நாலு சென்டிமீட்டர் எந்தத் தெருவில் கிழிந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மாதம் ஒருமுறை மருத்துவமனைக் கணினிப் பிரிவு பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீதியைக் குற்றத் தரவுகளை ஆராயும் ஆளுக்கு அனுப்புகிறது. அவர் அதைப் போலீஸ் பதிவுகளோடு சேர்த்து வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். அந்த வரைபடம் ஒரு கூட்டத்துக்குப் போகிறது. போலீஸ், மாநகராட்சி, மதுக்கூட உரிமம் பார்ப்பவர்கள், அவசரப் பிரிவு மூத்த மருத்துவர் என்று எல்லோரும் அங்கே இருப்பார்கள். 1998-இன் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டம் உள்ளாட்சியும் காவல்துறையும் சேர்ந்து இயங்குவதைக் கட்டாயமாக்கியது இந்தக் கூட்டத்துக்கு நல்ல அடித்தளமாக அமைந்தது. மருத்துவர் நேரில் உட்கார்ந்திருப்பதும் சடங்குக்காக இல்லை. போலீசும் மாநகராட்சியும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடும் நேரத்தில், ‘போன மாதம் இந்த ஒரே வாசலிலிருந்து இத்தனை முகங்களைத் தைத்தோம்’ என்று அவர் சொன்னால் பேச்சு திரும்பிவிடும்.

எடுத்த நடவடிக்கைகளில் மாயம் எதுவும் இல்லை. புறநகரில் சுற்றிய ரோந்தை வார இறுதி இரவில் நகர மையத்துக்கு மாற்றினார்கள். கண்காணிப்புக் கேமரா பார்ப்பவர்களுக்கு எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். கூட்டம் நெரியும் கேளிக்கைத் தெருவில் வாகனப் போக்குவரத்தைத் தடை செய்தார்கள். சண்டை அதிகம் வரும் மதுக்கூடங்களின் உரிமத்தை மறுபரிசீலனைக்கு எடுத்தார்கள். பார் மூடும் நேரத்தில் டாக்சிக்கும் பேருந்துக்கும் காத்திருக்கும் வரிசையில்தான் முட்டல் மோதல் தொடங்குகிறது என்றால், அங்கே தேவைப்படுவது லத்தியை விட இன்னும் நாலு வண்டி.

பலன் எவ்வளவு? 2011-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கார்டிஃபை அதை ஒத்த 14 நகரங்களோடு ஒப்பிட்டது. 33 மாதத் தயாரிப்பு, பிறகு 51 மாதத் தரவுப் பகிர்வு. வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் கார்டிஃபில் ஒரு லட்சம் பேருக்கு மாதம் 7-இலிருந்து 5 ஆகக் குறைந்தார்கள். மற்ற நகரங்களில் அதே காலத்தில் 5-இலிருந்து 8 ஆகக் கூடினார்கள். மற்ற காரணிகளைச் சரிக்கட்டிய கணக்கில், மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் கார்டிஃபுக்குச் சாதகமாக 42 சதவீத வித்தியாசம். போலீஸ் பதிவு செய்த காயப்படுத்தல் குற்றங்களிலும் 32 சதவீத வித்தியாசம்.

இதே ஆய்வில் பலர் தாண்டிப் போகும் ஒரு எண் இருக்கிறது. காயமில்லாத சிறு தாக்குதல்களின் போலீஸ் பதிவு கார்டிஃபில் ஏறியது, மற்ற நகரங்களில் இறங்கியது; சரிக்கட்டிய கணக்கில் 38 சதவீத ஏற்றம். மேலோட்டமாகப் பார்த்தால் தோல்வி போலத் தெரியும். ஆனால் சரியான இடத்தில் போலீஸ் நின்றால், தள்ளுமுள்ளு கத்திக்குத்தாக முற்றுவதற்கு முன்பே கையில் சிக்கும், பதிவாகும். இதிலிருந்து ஒரு விதி எடுத்துக்கொள்ளலாம். ஒரு திட்டம் வேலை செய்கிறதா என்று போலீஸ் வழக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். போலீஸ் கூர்ந்து பார்க்கத் தொடங்கினாலே அது ஏறும். மருத்துவமனையில் படுக்கை தேவைப்பட்ட காயங்களின் எண்ணிக்கை அப்படி ஆடாது. 1 பவுண்டு செலவுக்கு 82 பவுண்டு மிச்சம் என்ற பின்னாளைய கணக்கையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். சமூகச் செலவு முழுவதையும் உள்ளே சேர்த்தால் வரும் எண் அது. மருத்துவமனைப் பெட்டிக்கு அவ்வளவும் வந்துசேராது. நிர்வாகத்திடம் பேசும்போது அதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

நல்ல யோசனையும் சோதிக்காமல் போனால் கவிழும் என்பதற்கு இதே குழுவின் தம்ளர் ஆய்வு சாட்சி. உடைந்த தம்ளர் முகத்தைக் கிழிக்கிறது என்றால், உறுதியூட்டிய கண்ணாடித் தம்ளர் கொடுத்தால் என்ன? உடைந்தாலும் அது கூர்முனையில்லாத சிறு துண்டுகளாகத்தான் சிதறும். 57 மதுக்கூடங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, கண்ணாடியைக் கையாளும் பார் ஊழியர்களின் காயங்களைக் கணக்கெடுத்தார்கள். 2000-இல் முடிவு வந்தபோது, உறுதியூட்டிய தம்ளர் கொடுத்த பக்கத்தில்தான் காயம் அதிகம். அந்தத் தம்ளர்களைச் சோதித்ததில், அவை சாதாரணத் தம்ளரை விடக் குறைந்த அடியிலேயே உடைந்தன. பெயர்தான் உறுதி, தயாரிப்பில் இல்லை. தரக் கட்டுப்பாடு இல்லாமல் ‘பாதுகாப்பான பொருள்’ வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதை விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்த முறையை வேறு ஊர்களில் தொடங்கும்போது முதலில் இடறுவது ‘இடம்’ என்ற கட்டம். ‘டவுன்’, ‘ரோடு’, ‘பார்’ என்று எழுதியிருந்தால் வரைபடத்தில் எங்கே புள்ளி வைப்பது? அந்தக் கட்டத்தைக் கணினியில் கட்டாயமாக்கினால் மட்டும் போதாது. அவசரத்தில் எல்லோரும் ‘தெரியவில்லை’ என்பதைத் தட்டிவிட்டுப் போவார்கள். அடுத்தது, தாக்குதல் அதிகமாக வரும் வெள்ளி, சனி நள்ளிரவில்தான் மேசையில் ஆள் குறைவு, விடுபடும் பதிவும் அப்போதுதான் அதிகம். அந்த ஓட்டை தற்செயலாக விழுவதில்லை, ஆகவே வரைபடத்தையே கோணலாக்கிவிடும். மூன்றாவது, தரவு மூன்று மாதம் தாமதமாக வந்தால் அது வரலாறு, நடவடிக்கைக்கு உதவாது. இன்னொன்று, கேட்டவருக்குப் பலன் தெரியாவிட்டால் ஆறாவது மாதம் கேட்பதை நிறுத்திவிடுவார். ‘நீங்கள் எழுதிய பதிவுகளால் இந்த முனையில் விளக்குப் போட்டார்கள்’ என்று மாதம் ஒரு வரி எழுதி மேசையில் ஒட்டினால் போதும். குடும்ப வன்முறையில் மட்டும் ‘வீட்டில்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தெருப் பெயர் போனாலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

புள்ளியியல் பொறி ஒன்றும் உண்டு. ஒரு மாதம் 9 சம்பவம் நடந்த முனையைத் தேர்ந்தெடுத்து விளக்குப் போட்டு, அடுத்த மாதம் 5 ஆனால் விளக்கின் வெற்றி என்று கொண்டாடுவார்கள். உச்சத்தில் தேர்ந்தெடுத்த எண் பெரும்பாலும் விளக்கில்லாமலும் இறங்கும். 12 மாதத் தொடர்ச்சியும், ஒப்பிட ஒரு கைவைக்காத பகுதியும் வேண்டும்.

தமிழ்நாட்டில் ‘நம்மிடம்தான் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) இருக்கிறதே, பிறகென்ன?’ என்று கேட்கலாம். விபத்துப் பதிவேட்டில் இடம், நேரம், ஆயுதம், தெரிந்த நபரா தெரியாத நபரா எல்லாமே எழுதுகிறார்கள்தான். ஆனால் அது நீதிமன்றத்துக்கான ஆவணம். பெயர், அங்க அடையாளம், அழைத்து வந்தவர் விவரம் எல்லாம் சேர்ந்தே இருக்கும், காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். வழக்கு வேண்டாம் என்று நினைப்பவர் ‘படியில் வழுக்கி விழுந்தேன்’ என்றுதான் சொல்வார். ஆகவே ஏ.ஆர். நகலைத் திரட்டி வரைபடம் போட்டால் கிடைப்பது பெரும்பாலும் போலீசுக்கு ஏற்கெனவே தெரிந்த வரைபடம். சட்டப்படி எழுத வேண்டிய ஏ.ஆரை எழுதுங்கள். அதோடு பெயரே இல்லாத நாலு கட்டச் சீட்டு ஒன்றைத் தனியாக வையுங்கள், அது வழக்குக்குப் போகாது என்று கேட்கும்போதே சொல்லுங்கள்.

இடத்தைக் கேட்கும்போது தெருப் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். நம் ஊரில் இடம் என்பது அடையாளம்தான். ‘பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கட்டணக் கழிப்பறைப் பக்கம்’ என்பது தபால் முகவரியை விடத் துல்லியமானது. அதை அப்படியே எழுதிக்கொண்டு, ‘அதுக்குப் பக்கத்துல என்ன கடை இருக்கு?’ என்று ஒரு கேள்வி கூடுதலாகப் போட்டால் புள்ளி விழுந்துவிடும். முதல் மாதம் எந்த நடவடிக்கையும் எடுக்காமல், வந்த சீட்டுகளில் எத்தனையை வரைபடத்தில் வைக்க முடிகிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். பாதிகூடத் தேறாவிட்டால் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்று மேசைக்குப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை இரவு உட்கார்ந்து பாருங்கள்.