மறு: வெட்ட வெட்டத் துளிர்க்கும் சீமைக் கருவேலம்

தரையோடு வெட்டியும் இரண்டே மாதத்தில் புதராகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வெட்டிய இடம்தாங்க தப்பு. வெட்டினால் துளிர்க்கக் காத்திருக்கும் உறங்கும் மொட்டுகள் மண்ணுக்குள், தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தில் இருக்கும். தூரைச் சுற்றி ஓரடி தோண்டி, அதற்குக் கீழே வேரை அறுத்தால்தான் அடங்கும்.

அடுத்தது, மேயவிடும் மாடு. காய் இனிப்பு, விரும்பித் தின்னும், விதை செரிக்காது. காய்ந்த சாணியை உடைத்துப் பாருங்கள், பழுப்பு விதைகள் முழுசாகக் கிடக்கும். வயிற்றுக்குள் போய்வந்த விதை ஓடு இளகி இன்னும் சுலபமாக முளைக்கும். மெக்சிகோ பக்கத்துச் செடி, 1877இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு பரப்பும் வேலையைக் கால்நடையே பார்த்துக்கொண்டது!

காய் பிடிக்கும் முன் வெட்டுங்கள். மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளை ஈரம் காயுமுன் வேரோடு பிடுங்கிவிடலாம். ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள், முள் துளைத்துவிடும்.