கேமராவை முதலில் வை, அப்புறம் ஸ்பேனரை எடு

எங்கள் வீட்டுப் போர்டிகோவில் 11 வருஷம் அசையாமல் கிடந்த பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரைப் பிரித்து வீடியோ எடுத்த கதையைப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசிப் பேர், "நாங்களும் வண்டியைப் பிரிக்கப் போகிறோம், படம் எடுப்பது எப்படி?" என்று கேட்கிறார்கள். வண்டியை ரிப்பேர் செய்வது எப்படி என்று கேட்டவர்கள் நாலே பேர். சரி, காலம் அப்படி. நான் சேலம் கொண்டலாம்பட்டியில் 26 வருஷம் லேத் ஓட்டியவன். கேமரா பிடிக்கத் தொடங்கி நாலு வருஷம்தான் ஆகிறது. அந்த அனுபவத்துக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

தாத்தாவின் டி.வி.எஸ். 50 கொட்டகையில் இருக்கிறது. லீவில் அதைச் சரிசெய்து வீடியோவாகப் போட ஆசை. என்ன கேமரா வாங்கலாம்? – கல்லூரி மாணவர், ஓமலூர்

ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி. கையில் இருக்கிற போன் போதும். நான் முதலில் வாங்கியது போனைக் கவ்விப் பிடிக்கிற ஒரு கிளாம்ப் மட்டும். அதைப் பழைய டேபிள் ஃபேன் கம்பியில் மாட்டினேன். உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். அடிப்பாகம் கனமாக இருப்பதால் கால் பட்டாலும் சாயாது.

முதல் வீடியோவை நான் ஊருக்குக் காட்ட எடுக்கவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைக் கழற்றினால் எந்த வாஷர் எதற்கு மேல் இருந்தது என்பது இரண்டே நாளில் எனக்கு மறந்துவிடும். அதற்காகத்தான் போனை எதிரே வைத்துவிட்டுக் கழற்றினேன். மூன்று வாரம் கழித்து, திருப்பி மாட்டும்போது போட்டுப் பார்த்தால், முக்கியமான இடத்தில் எல்லாம் என் முழங்கை மறைத்துக்கொண்டு நிற்கிறது! ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று கண்டுபிடிக்க என் முழங்கையையே பதினைந்து தடவை பார்த்தேன். கேமராவை எங்கே வைப்பது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். வலது கைக்காரர் என்றால் கேமரா இடது தோளுக்கு மேலே இருக்க வேண்டும். உங்கள் கண் எதைப் பார்க்கிறதோ அதையே போனும் பார்க்கும். நட்டில் ஸ்பேனரை வைப்பதற்கு முன்னால் போனில் சிவப்புப் புள்ளி ஓடுகிறதா என்று பாருங்கள். உங்கள் வீடியோவைப் பார்த்து உங்களாலேயே வண்டியைத் திரும்பப் பூட்ட முடிந்தால், பார்க்கிறவனுக்கும் அது உதவும்.

அடுத்தது வெளிச்சம். காலை வெயில் விழும் வாசல் பக்கம் வண்டியை இழுத்துப் போட்டு, வெளிச்சம் போனுக்குப் பின்னாலிருந்து வண்டி மேல் விழும்படி வையுங்கள். ராத்திரி டியூப் லைட்டில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக ஓடும். போன் கெட்டுவிட்டது என்று நான் கடைக்கே தூக்கிப் போய்விட்டேன். விஷயம் இதுதான்: நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிகிறது. செட்டிங்கில் நொடிக்கு 25 ஃபிரேம் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி ஆக்கினால் பட்டை மறைந்துவிடும்.

இன்னொன்று. டி.வி.எஸ். 50 வந்தது 1980இல். இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்பதே அப்போது மொபெட்டில் புதுசு. வண்டியைப் பிரிக்கிற அன்று தாத்தாவை ஒரு ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாட்டியை உட்கார வைத்து எங்கெல்லாம் ஓட்டிப் போனார் என்று அவர் சொல்லட்டும். என் அப்பாவை அப்படி உட்கார வைக்க எனக்குத் தோன்றுவதற்குள் காலம் கடந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி. நான் பேசுவது எனக்கே கேட்பதில்லை. மைக் வாங்கினால் தீருமா? – வாசகர், அம்மாபேட்டை

தீராது. சட்டைக் காலரில் குத்துகிற மைக் வாங்கினால் உங்கள் குரல் கொஞ்சம் முன்னுக்கு வரும், ஆனால் தறி பின்னாலேயே வரும். எங்கள் தெருவிலும் இதே கதைதான். இரண்டையும் பிரித்துவிடுங்கள். வேலையைப் படமாக எடுங்கள், பேச்சைத் தனியாக அப்புறம் பதிவு செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிப்பார்கள் இல்லையா, அந்த நாளை நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தெருவே ஃபேன் இல்லாமல் புழுங்கும். நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, போர்வையைத் தலைக்கு மேல் போட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். போர்வை எதிரொலியை விழுங்கிவிடும். வீட்டுக்காரி ஒரு நாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "காய்ச்சலா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியும் வீடியோவில் இருக்கிறது, வெட்டவில்லை.

வேலைச் சத்தத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். துருப்பிடித்த நட்டு "கிர்ர்" என்று இளகும்போது வருகிற ஒலிக்காகவே என் வீடியோக்களைப் பார்ப்பதாக ஒருவர் சொன்னார். பின்னணிக்குச் சினிமாப் பாட்டுப் போட ஆசை வரும். வேண்டாம், காப்புரிமைக்காரர் வந்து நிற்பார்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை நானே சர்வீஸ் செய்யப் பழகுகிறேன். இதை வீடியோ எடுத்தால், தெரியாமல் செய்கிறாள் என்று கிண்டல் செய்வார்களோ என்று தயக்கம். நன்றாகக் கற்ற பிறகு ஆரம்பிக்கலாமா? – வாசகி, ஆத்தூர்

அம்மா, இப்போதே ஆரம்பியுங்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் எடுக்கும் வீடியோவில் எல்லாமே எளிதாக நடந்துவிடும். பார்க்கிறவன் வீட்டில் அப்படி நடக்காது. நீங்கள் தடுமாறுகிற இடத்தில்தான் அவனும் தடுமாறுவான்.

கிண்டலைப் பற்றிக் கேட்டதால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சேட்டக்கில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தது. கிக்கரை மிதித்தால் பாறையை மிதிப்பது போல இருக்கும். சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, மூன்று நாள் ஊற விட்டேன். நாலாம் நாள் வேப்பங்கட்டை ஒன்றை பிஸ்டன் மேல் வைத்து சுத்தியால் மெதுவாகத் தட்டினேன். பத்து தட்டு, இருபது தட்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திடீரென்று பிஸ்டன் ஒரு நூல் அளவு கீழே இறங்கியது. ஒரு நூல்தான். ஆனால் கைக்குத் தெரிந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் திரும்பிப் போனைப் பார்த்தால், மெமரி ஃபுல். எட்டு நிமிஷத்துக்கு முன்னாலேயே நின்றிருக்கிறது.

அப்போது ஒரு புத்தி கெட்ட வேலை செய்தேன். சிலிண்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, திரும்ப மாட்டி, பிஸ்டன் பிடித்துக்கொண்டிருப்பது போலப் பல்லைக் கடித்து நடித்தேன். கட்டையை வைத்தேன், தட்டினேன், "ஆஹா" என்றேன். போட்ட அன்றே ஒருவர் எழுதினார்: "அண்ணா, பிஸ்டன் பளபளன்னு இருக்கு, உங்க சட்டையில ஒரு பொட்டு வேர்வை இல்ல. இது ரெண்டாவது டேக்தானே?" எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த இடத்தை வெட்டிவிட்டு, மெமரி ஃபுல் ஆன கதையைச் சொல்லி வேறு வீடியோ போட்டேன். அதில் காட்ட என்னிடம் இருந்தது அந்த வேப்பங்கட்டையும் அதில் பதிந்த வட்டத் தழும்பும்தான். இன்றுவரை அதிகம் பேர் பார்த்தது அதைத்தான்.

ஆகவே, ஆயில் கொட்டினால் கொட்டியதாகக் காட்டுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் தடுமாறக் கூடாது. பழைய பிரேக் ஷூவில் நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்து அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்று அடிக்கவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியை ஒரு கவரில் கட்டிப் போடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அதனால் போன் சார்ஜரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தரையில் போடாதீர்கள். என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது, வெளிச்சம் நன்றாக இல்லை என்று கொட்டகையின் ஷட்டர் கதவை இறக்கிவிட்டு எடுப்பவர்களைப் பார்க்கிறேன். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. அந்தக் காட்சியை வாசலில் எடுங்கள்.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைத் தயார் செய்துவிட்டேன். மலைப்பாதையில் ஓட்டி வீடியோ எடுக்கலாம் என்றிருக்கிறேன். போனை ஹேண்டில்பாரில் மாட்டினால் போதுமா? – வாசகர், ஏற்காடு

மாட்டாதீர்கள். மோட்டார் சைக்கிள் என்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. லென்ஸை ஆடாமல் பிடித்துக்கொள்கிற நுட்பம் அந்த நடுக்கத்தில் பழுதாகிவிடும். பழைய ஒற்றை சிலிண்டர் வண்டியின் ஆட்டத்தை நீங்களே அறிவீர்கள். நண்பரைப் பின்னால் வேறு வண்டியில் உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வளைவில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டி கடந்து போவதை எடுங்கள்.

உங்களுக்குச் சேலத்துக்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறது. வண்டி எந்த நம்பரில் மூச்சு வாங்கியது என்று சொன்னாலே கதை கிடைத்துவிடும். என் சேட்டக் முதல் தடவை ஏறியபோது 13இல் இரும ஆரம்பித்தது. மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுகிறது, கார்புரேட்டரோ கீழே விட்ட அளவு பெட்ரோலையே விடுகிறது. ஏரிக்கரையில் நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், வாய் கரிச்சட்டி மாதிரி இருந்தது. அதை விரலில் பிடித்துக் கேமராவுக்கு நேராகக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் பேசுவதை அந்த ஒரு ஷாட் சொல்லிவிட்டது.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. ஆக்சிலேட்டரை முழுசாக மூடிக்கொண்டு கியரிலேயே நெடுக இறங்கினால், பெட்ரோலும் கொஞ்சம்தான் போகும், ஆயிலும் கொஞ்சம்தான் போகும். என்ஜினோ வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், பிஸ்டன் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள். என்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குவது அதைவிட ஆபத்து.

இதில் காசு வருமா? – வாசகர், சூரமங்கலம்

யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாகப் போனால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். எனக்கு இதுவரை வந்த பணம் கிளட்ச் கேபிளுக்கும் டயருக்கும் சரியாகப் போனது. வேலையை விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

வண்டியை மாடிஃபை செய்து, சைலன்சரை மாற்றி, சத்தத்தோடு வீடியோ போட்டால் நிறையப் பேர் பார்க்கிறார்களே? – வாசகர், ஆட்டையாம்பட்டி

பார்க்கிறார்கள், போலீஸும் பார்க்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை ஒரு தடவை படியுங்கள். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. பெயின்ட் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்காமல் ரோட்டில் ஓட்டி, அதையே படமாகவும் எடுத்துப் போடுவது, நாமே நமக்கு எதிராகச் சாட்சி சொல்வது மாதிரி. உங்கள் ஊர் முறுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் இது புரியும்.

கிக்கரும் லீவரும் பளபளவென்று இருக்கின்றனவே, எங்கே பாலிஷ் போட்டீர்கள்? – வாசகி, அஸ்தம்பட்டி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். பாலிஷ் மோட்டார் பக்கத்தில்கூட விடவில்லை. "மாமா, இங்க தரையைக் கூட்டுற தூள்லகூட வெள்ளி இருக்கு. உங்க அலுமினியத்தை இதுல கலந்தா நான் எங்க போய்ப் பிரிக்கிறது?" என்றார். நியாயம்தான். தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம் வீட்டிலேயே எமரி தாளில் 400, 800, 1200 என்று மேலும் மேலும் மெல்லிய ரகமாக ஏறி, பனியன் வேஸ்ட்டில் பாலிஷ் தடவித் தேய்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. வீடியோவில் அது 40 நொடி.

சேட்டக் இப்போது ஓடுகிறதா? – பெயர் வேண்டாம், கொண்டலாம்பட்டி

இது எதிர்வீட்டுக்காரர் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். ஓடுகிறது. காலையில் மட்டும் ஒரு தடவை சாய்த்துப் பிடித்துவிட்டு உதைத்தால்தான் எழும்புகிறது. நேற்று ஒன்பதாவது உதையில் வந்தது. நீங்கள் ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தது வீடியோவில் விழுந்திருக்கிறது.