‘நேற்று’ வந்தால் ‘ஹேவ்’ வராது

கேள்வி: ஆங்கிலத்தின் 12 காலங்களையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் நேர்முகத் தேர்வில் ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி லாஸ்ட் இயர்’ என்றதும் தவறு என்று சொல்லிவிட்டார்கள். எங்கே தவறு? மறுபடி ஏதாவது வகுப்பில் சேரட்டுமா?

பதில்: சேராதீர்கள். ‘12 காலமும் ஒரே வாரத்தில்’ என்று விளம்பரம் செய்பவர்கள் உங்களிடம் இருக்கும் அதே அட்டவணைக்குத்தான் வண்ணம் பூசி விற்கிறார்கள். உங்களுக்கு அட்டவணை போதாமல் இல்லை, ஒரு ‘ஹேவ்’ அதிகமாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு ‘ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி லாஸ்ட் இயர்’ என்றால் சரி. ‘ஹேவ்’ இருந்தே ஆக வேண்டுமென்றால் ‘லாஸ்ட் இயர்’ போக வேண்டும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்காது.

இந்தப் பிழை உங்கள் அறியாமையால் வந்ததில்லை, தமிழிலிருந்து வந்தது. ‘நேற்றே சொல்லியிருக்கிறேனே!’ என்றால் நம் காதுக்கு எதுவும் உறுத்துவதில்லை. அந்த ‘இருக்கிறேன்’ஐ அப்படியே ‘ஹேவ்’ ஆக்கிவிடுகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ நிகழ்காலத்தின் சொல். ‘படித்து முடித்தேன், இப்போது பட்டம் கையில் இருக்கிறது’ என்பதுதான் அதன் பேச்சு. முடிந்துபோன நாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது விலகிவிடும். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019 எல்லாம் அப்படிப்பட்டவை. ‘சின்ஸ் 2019’ என்பது மட்டும் வேறு. அங்கிருந்து இன்றுவரை என்று பொருள், அதனால் ‘ஹேவ்’ கட்டாயம்: ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் சின்ஸ் 2019’. ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் 2019’ என்று சொல்லாதவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

ஒரே ஒரு வம்பு, ‘திஸ் மார்னிங்’. காலை பத்து மணிக்குப் பேசினால் காலை இன்னும் முடியவில்லை. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்’ சரி. அதையே மாலை ஐந்து மணிக்குச் சொன்னால் காலை போய்விட்டது. ‘ஐ சா ஹிம் திஸ் மார்னிங்’ என்றுதான் சொல்ல வேண்டும். பார்த்த ஆள் அதே ஆள், பார்த்த நேரமும் அதே நேரம். மாறியது நீங்கள் பேசும் நேரம். ‘திஸ் வீக்’, ‘டுடே’ எல்லாம் இதே கதைதான்: அந்தப் பொழுது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இதைச் சொல்லித்தர பத்து நிமிடம் போதும். நம் பாடத்திட்டமோ ‘ஐ வில் ஹேவ் பீன் ஈட்டிங்’ போன்றவற்றுக்கு ஒரு பாடவேளையையே கொடுக்கிறது. அதை வாழ்நாளில் எத்தனை முறை பேசப்போகிறோம்? யார், எப்போது, யாரிடம் பேசுகிறார் என்றே தெரியாத ஒற்றை வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பிள்ளைகள் ஊகிக்கத்தான் செய்வார்கள். அந்த 12 என்ற எண்ணும் மூன்று காலத்தை நான்கு அமைப்பால் (சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்) பெருக்கிய கணக்குதான். வினைச்சொல் தானே உருமாறிக் காட்டுவது நிகழ்காலத்தையும் இறந்தகாலத்தையும் மட்டும். எதிர்காலத்துக்கு ‘வில்’ போல ஏதாவது துணை வேண்டும். அட்டவணையை மடித்து வையுங்கள்.

அடுத்த முறை ‘வென் டிட் யூ கம்ப்ளீட் யுவர் டிகிரி?’ என்று கேட்பார்கள். கேட்பவரே ‘ஹேவ்’ போடவில்லை பாருங்கள். நீங்களும் போடாதீர்கள்.