கூடுதலாக 4.6 லட்சம் கேட்கும் கான்ட்ராக்டர்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மதுரைக்கு வெளியே சொந்த மனையில் 1,150 சதுர அடியில் வீடு கட்டி வருகிறோம். பொருளோடு சேர்த்துச் சதுர அடி 2,400 ரூபாய், மொத்தம் 27.6 லட்சம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். 24 லட்சம் கொடுத்தாயிற்று. பெயின்ட், மின் பொருத்துதல், குளியலறைக் குழாய் வேலைகள் பாக்கி. இப்போது கான்ட்ராக்டர் ஒரு தாளை நீட்டி, கூடுதலாக 4.6 லட்சம் கேட்கிறார். கடைக்காலை ஒன்றரை அடி கூடுதலாகத் தோண்டியது 1,10,000, கம்பி, சிமென்ட் விலையேற்றம் 1,40,000, டைல்ஸ் மாற்றியது 67,200, சம்ப், செப்டிக் டேங்க் 95,000, ஜிஎஸ்டி 47,800. கொடுக்காவிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள் என்கிறார். தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டோம். கையில் 2 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலையும் வரைபடத்தையும் பார்த்தேன். இந்த 4.6 லட்சத்தில் நீங்கள் உண்மையிலேயே கொடுக்க வேண்டியது சுமார் ஒன்றரை லட்சம்தான். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி மிரட்டும்போது மொத்தத்தைப் பற்றிப் பேசினால் பேரத்தில்தான் போய் முடியும். ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பாருங்கள்.

டைல்ஸிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் தந்திரம் பளிச்சென்று தெரிகிறது. ஒப்பந்தத்தில் தரை டைல்ஸ் சதுர அடி 45 ரூபாய் என்று இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்தது 80 ரூபாய். 800 சதுர அடிக்கு 5 சதவீதச் சேதாரம் சேர்த்தால் 840. அதை 80ஆல் பெருக்கினால் அவர் கேட்கும் அதே 67,200! 45 ரூபாய் ஏற்கெனவே உங்கள் 2,400க்குள் அடங்கியிருக்கிறது. அதைக் கழிக்க மறந்துவிட்டார், அல்லது மறந்ததுபோல் இருந்துவிட்டார். 35 ரூபாய் வித்தியாசத்துக்கு 29,400 கொடுத்தால் போதும்.

அடுத்தது கடைக்கால். உங்கள் மனை கரிசல் மண். மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் மண்ணில் 5 அடிக்குப் பதில் ஆறரை அடி போனது சரியான முடிவே. அதற்காக அவர்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தோண்டினார்கள். இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவிப்பவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ‘எழுத்தில் இல்லை, ஒரு பைசா தரமாட்டேன்’ என்று நிற்காதீர்கள். ஆனால் 1,10,000 எங்கிருந்து வந்தது? வரைபடத்தில் 12 தூண்கள், ஒவ்வொன்றும் 9க்கு 12 அங்குலம். ஒன்றரை அடி நீளம் கூடினால் கான்கிரீட் மொத்தம் பதின்மூன்றரை கன அடி, அதாவது ஒரு யூனிட்டில் (100 கன அடி) எட்டில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். தூணுக்கு 12 எம்எம் கம்பி 6. கம்பியின் விட்டத்தை எம்எம் கணக்கில் வர்க்கமாக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும் என்பது எந்த மேஸ்திரிக்கும் தெரிந்த வாய்பாடு. அதன்படி கூடுதல் கம்பி சுமார் 29 கிலோ. ரிங் கம்பியும் சேர்த்து 45 கிலோ என்று தாராளமாகவே வைப்போம். 5க்கு 5 அடிக் குழிகளில் கூடுதலாகத் தோண்டியது 450 கன அடி. மண் வெட்டிய கூலி, திரும்ப நிரப்பியது, பலகை அடித்தது எல்லாம் சேர்த்தாலும் 30,000ஐத் தாண்டாது என்பது என் கணிப்பு. அடியில் போட்ட ஃபுட்டிங்கையும் பெரிதாக்கியிருந்தால் கணக்கு மாறும். அப்போது எடுத்த புகைப்படங்கள் உங்கள் போனில் இருக்கும், தேடுங்கள்.

சம்ப், செப்டிக் டேங்க் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. நம் ஊர் வழக்கத்தில் இவை பெரும்பாலும் சதுர அடி ரேட்டுக்கு வெளியேதான். கொள்ளளவை அளந்து, உங்கள் பகுதியின் லிட்டர் ரேட்டோடு ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள்.

விலையேற்றத்துக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். விலை ஏறினால் ரேட் ஏறும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது எந்தக் கான்ட்ராக்டரும் தேடி வந்து பணத்தைத் திருப்பித் தந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஜிஎஸ்டி வரிதான் எனக்குச் சிரிப்பு மூட்டியது. பொருளோடு கட்டிக் கொடுக்கும் வேலைக்கு வரி 18 சதவீதம். 27.6 லட்சத்துக்கு அது ஏறக்குறைய 5 லட்சம் வரும். 47,800 எந்தக் கணக்கிலும் பொருந்தவில்லை. பதிவு எண்ணையும் முறையான வரி ரசீதையும் கேளுங்கள். பதிவு செய்யாதவருக்கு ஜிஎஸ்டி என்று வசூலிக்க உரிமை கிடையாது. பதிவு செய்தவராக இருந்து, ஒப்பந்தத்தில் ‘வரி தனி’ என்றும் எழுதியிருந்தால்தான் ஆபத்து. உங்கள் நகலில் அப்படி இல்லை.

இனி பேச்சு. ஒப்பந்தப்படி நீங்கள் அவருக்கு இன்னும் 3.6 லட்சம் கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறது. அதுதான் உங்கள் பலம். கிரகப்பிரவேச நாள் அவருடைய பலம். அந்தத் தேதியை அவரிடம் மறுபடி உச்சரிக்காதீர்கள். பால் காய்ச்சுவதற்குப் பெயின்ட் அடித்த சுவர் தேவையில்லை என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே பேசி வையுங்கள். ஒரு தனிப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து, மீதி வேலைக்கு என்ன செலவாகும் என்று எழுதி வாங்குங்கள். அது 3.6 லட்சத்துக்குள் அடங்கினால், அவர் போய்விட்டாலும் இன்னொருவரை வைத்து முடிக்கலாம். இது தெரிந்த பிறகு உங்கள் குரலே மாறிவிடும்.

அவரும் பொறியாளரும் நீங்களும் சேர்ந்து அளந்து, ஒப்புக்கொண்ட தொகையையும் வேலை முடிக்கும் தேதியையும் ஒரு துணை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திடுங்கள். சம்ப், டைல்ஸ் பணத்தை ஆட்கள் திரும்பி வந்த வாரத்தில் வங்கி வழியாகக் கொடுங்கள்; கடைக்கால் பணத்தைப் பெயின்ட் முடிந்த பிறகு. இரண்டுக்கும் உங்கள் டெபாசிட்டே போதும்.

மசியவில்லை என்றால் பதிவுத் தபாலில் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டிக் கொடுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவைதான். 50 லட்சம் வரை கொடுத்த வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்குப் போகும். உங்கள் தொகைக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அலையாதீர்கள்; சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டும் வீடு அதன் எல்லைக்குள் வராது. தைக்குள் தீர்ப்பு வரும் என்றும் நம்ப வேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று: மனையில் கிடக்கும் ஒயர், குழாய், டைல்ஸ் பெட்டிகளை எண்ணிப் படம் எடுத்து, வீட்டுக்கு உங்கள் பூட்டைப் போடுங்கள்.